அருவி நூற்ற நூல்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அடி வாங்கத்தான் போகிறார்கள். ஊரில் யாராவது நம் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடுகிற நாம், அருவிக்கு முன்னால் தலையையும் முதுகையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வாங்கியது போதாது என்று மறுபடியும் வரிசையின் வாலில் போய் நின்றுகொள்கிறோம். சென்ற சாரலில் நானும் அப்படி இரண்டு முறை அடி வாங்கிவிட்டு வெளியே வந்தேன். என்னோடு கடையநல்லூரிலிருந்து வந்திருந்த நண்பர் இன்னும் அருவியை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தலை துவட்டவில்லை, உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பக்தி மேலிட்டு ஏதோ பதிகம் சொல்கிறார் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் ஒதுங்கி நின்றேன்.

"ஓய், எத்தனை குதிரை வீணாப் போகுது பாத்தீரா?" என்றார்.

நண்பர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிகம் என்று நான் நினைத்தது பெருக்கல் கணக்கு. ஒரு கன அடித் தண்ணீர் ஏறத்தாழ 62 ராத்தல் எடை. விநாடிக்கு ஒரு கன அடித் தண்ணீர் சுமார் ஒன்பது அடி உயரத்திலிருந்து விழுந்தால், அது ஒரு குதிரையின் சக்தி. விநாடிக்கு நூறு கன அடி வீதம் நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தால் ஆயிரம் குதிரைக்கு மேலே! வழியில் போகிற சேதாரத்தைக் கழித்தாலும் ஒரு படையே நிற்கும். "இந்தப் படை முழுக்க நம்ம தலையில் இருக்கிற எண்ணெயைக் கழுவத்தானா?" என்று கேட்டார்.

திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையையும் அருவியையும் குறவஞ்சியில் பாடினார். அவர் குரங்குகளைக் கவனித்தார், குதிரைகளைக் கவனிக்கவில்லை. வாத்தியார் கேட்டபோதுதான் எனக்கும் அந்தச் சந்தேகம் தட்டியது. இத்தனை காலமாக இத்தனை தண்ணீர் விழுகிறது. இதைக்கொண்டு ஒரு மாவரைக்கும் கல்லையாவது சுற்றவேண்டும் என்று நம் முன்னோர் யாருக்கும் ஏன் தோன்றவில்லை?

மற்ற நாடுகளில் தோன்றியிருக்கிறது. ரோமாபுரிக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நீர்ச்சக்கரத்தில் மாவரைத்தார்கள். பிரான்ஸ் தேசத்தின் தெற்கே ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில், பார்பெகால் என்ற இடத்தில், மலைச் சரிவில் படிக்கட்டுப் போலப் பதினாறு சக்கரங்களை வைத்து ஒரே வாய்க்கால் நீரால் சுற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டில் அரசன் ஊர் ஊராகச் சொத்துக் கணக்கு எடுத்தபோது, நீர்ச்சக்கர ஆலைகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? இமயமலைச் சரிவுகளில் 'கராட்' என்ற சின்னஞ்சிறு நீர்த் திருகைகள் ஓடையோரங்களில் கோதுமை அரைத்து வந்திருக்கின்றன. ஔரங்காபாத்தில் ஒரு தர்காவின் பக்கத்தில் 'பன்சக்கி' என்ற நீர் ஆலை இருக்கிறது. பன்சக்கி என்றாலே தண்ணீர்த் திருகை என்றுதான் பொருள். தூரத்து ஊற்றிலிருந்து நிலத்தடிக் குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே யாத்திரிகர்களுக்கு மாவரைத்துச் சோறு போட்டார்கள்.

நம் பக்கத்தில் அது வழக்கில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்குக் காரணம் இரண்டு தெரிகின்றன. கோதுமை தின்கிறவனுக்கு மாவு இல்லாமல் சோறு இல்லை. ஊருக்கெல்லாம் ஒரு பெரிய திருகை வேண்டும். நெல் தின்கிறவனுக்கு உரலும் உலக்கையும் இரண்டு பெண்களின் கைகளும் போதும் என்று நாம் வைத்துக்கொண்டோம். அந்தக் கைகளின் வலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. இது முதல் காரணம். இரண்டாவது, நம் தண்ணீர் வயலின் சொத்து. ஏற்றம் இறைத்தும், கவலை ஓட்டியும், நாமும் நம் மாடுகளும் தண்ணீருக்காக உழைத்தோம். தண்ணீரை நமக்காக உழைக்கச் சொல்லத் துணிவு வரவில்லை. அது வருவதே பெரிய காரியம். வந்த விருந்தாளியிடம் மாவரைக்கச் சொல்லுவார்களா?

குற்றாலத்தைப் பொறுத்தவரை இந்த விருந்தாளி உபமானம் மிகவும் பொருந்தும். ஆனியில் வருவார், ஆடி, ஆவணி வரை தங்குவார், ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் வெறிபிடித்தவர்போல ஆடுவார், மாசி, பங்குனிக்கு மேல் பாறையில் ஈரம்கூட இராது. வருஷத்தில் பாதி நாள் படுத்துத் தூங்குகிற ஆயிரம் குதிரைகளை நம்பி யார் தொழில் வைப்பார்கள்? சிற்றாறு அழகான ஆறு. சம்பளத்துக்கு வேலை செய்யத் தகுந்த ஆறு அல்ல.

"அப்போ வேலைக்குப் போன அருவி ஒண்ணு இருக்கு. போவோமா?" என்றார் வாத்தியார்.

மறுநாள் காலையில் தென்காசி வழியாகப் பாபநாசத்துக்குப் பஸ் ஏறினோம். இடதுபுறம் வயல்கள், வலதுபுறம் மலை. கடையம் வந்தது. பாரதியார் 1918-இலிருந்து 1920 வரை மனைவியின் ஊரான இங்கேதான் வாசம் செய்தார். பொட்டல்புதூரும் ஆழ்வார்குறிச்சியும் தாண்டினால் மலை நம்மை நோக்கி நடந்து வருகிறது. தென்காசி 2019-இல் தனி ஜில்லாவாகிவிட்டது. பாபநாசம் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. காகிதத்தில் போட்ட கோடு மலைக்குத் தெரியாது. அதே பொதிகைத் தொடர், அதே சாரல் காற்று.

ஆனால் ஆறு வேறு. தாமிரபரணி தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும், இரண்டு கையாலும் மழை வாங்குகிறது. மேலே அடர்ந்த காடு அந்த மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. கோடையில் இளைத்தாலும் நின்றுபோகாத ஆறு. அந்த ஆறு சமவெளியில் கால் வைக்கிற இடம் பாபநாசம். ஆலை வைக்க விரும்புகிறவனுக்கு வேண்டிய இரண்டும், அதாவது நிற்காத நீரும் நல்ல பள்ளமும், அங்கே ஒன்றாக இருந்தன.

அதைக் கண்டுகொண்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள். 1883-இல் ஏ. அண்ட் எஃப். ஹார்வி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பஞ்சு வியாபாரத்தில் கால் ஊன்றியவர்கள். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுப் பஞ்சு அந்த நாளில் 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே சீமைச் சந்தையில் விலைபோயிற்று. கப்பலேறிப் போய், அங்கே நூலாகி, மறுபடியும் கப்பலேறி இங்கே வருகிற பஞ்சை இங்கேயே நூற்றால் என்ன? ஆனால் யந்திரத்தைச் சுற்றுவதற்கு நிலக்கரி வேண்டுமே! தென்கோடிச் சீமையில் நிலக்கரி ஏது? தூரதேசத்திலிருந்து வரவேண்டும், வந்த இடத்திலிருந்து வண்டியில் ஏறவேண்டும். பாபநாசத்து அருவியோ கரி கேட்கவில்லை.

1885-இல் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை எழுந்தது. அந்த ஊர் மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர். திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரும் புலவரான அவர் மறைந்தது 1785-இல். சரியாக நூறு ஆண்டு கழித்து அவருடைய ஊரில் யந்திரத்தின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதே ஆண்டில் வடக்கே கோகாக் நீர்வீழ்ச்சியை நம்பியும் ஒரு பஞ்சாலைக் கம்பெனி ஏற்பட்டது. மின்சாரம் நம் தேசத்தில் இன்னும் பழக்கத்துக்கு வராத காலம். டார்ஜிலிங்கில் முதல் நீர்மின் நிலையம் ஓடியது 1897-இல். காவேரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது 1902-இல். ஆகவே பாபநாசத்தில் தண்ணீர் முதலில் மின்சாரமாகவில்லை, நேராக நூலாயிற்று.

இது எப்படி நடக்கிறது என்று வாத்தியார் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்துச் சொன்னார். மேட்டில் ஆற்று நீரில் ஒரு பகுதியைத் தடுத்து வாய்க்காலில் திருப்புகிறார்கள். வாய்க்கால் மெதுவாகச் சரிந்து போகிறது. ஆறோ பள்ளத்தில் குதித்துவிடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் வாய்க்கால் உயரத்திலும் ஆறு தாழ்விலும் நிற்கின்றன. அந்த உயரத்திலிருந்து தண்ணீரை இரும்புக் குழாயில் இறக்கினால், அடியில் மூடிய கூட்டுக்குள் இருக்கும் சுழலியை அது வேகமாகச் சுற்றுகிறது. இதற்குத்தான் டர்பைன் என்று பெயர். பழைய மரச்சக்கரத்துக்குப் பதிலாக, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் உருவாக்கியது. சுழலியின் அச்சிலிருந்து சுழற்சியை ஆலைக்குள் கொண்டுபோய்ப் பல அச்சுகளுக்குப் பகிர்ந்தால், வரிசை வரிசையாகக் கதிர்கள் சுழலும். வேலையை முடித்த தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் மறுபடியும் ஆற்றில் சேர்ந்துவிடும்.

"உயரத்தை மட்டும் எடுத்துக்கிடுவான், தண்ணியைத் திருப்பிக் குடுத்துருவான்" என்றார் வாத்தியார்.

இந்த நவீன ஆலைக்குப் பஞ்சு எப்படி வந்தது தெரியுமா? அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் எட்டிப் பார்த்தது 1900-க்குப் பிறகுதான். அதுவரை மாட்டு வண்டிகள்தாம். கரிசல் சீமையிலிருந்து பொதி ஏற்றிய வண்டிகள் ராத்திரி முழுவதும் சக்கரங்கள் கிறீச்சிட வந்து சேரும். ஆயிரக்கணக்கான கதிர்களைச் சுற்றும் ஆலையின் வாசலில் ஒரு மாடு நின்று அசைபோடும். சரித்திரப் புத்தகங்கள் ஹார்விகளைச் சொல்லுகின்றன, வண்டிக்காரர்களைச் சொல்லுவதில்லை. அருவி ஆலையைச் சுற்றியது; ஆலைக்குச் சோறு போட்டவை மாடுகள்.

அருவியால் நூல் நூற்கிற யோசனை ஹார்விகளுடையதும் அல்ல. ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற ஆங்கிலேயர் தம் நூற்பு யந்திரத்தை முதலில் நிஜக் குதிரைகளைப் பூட்டித்தான் ஓட்டிப் பார்த்தார். பிறகு 1771-இல் கிராம்ஃபோர்ட் என்ற மலையோரக் கிராமத்துக்குப் போய் நீர்ச்சக்கரத்தில் பூட்டினார். அந்த யந்திரத்துக்கு 'நீர்ச்சட்டம்' என்றே பெயர் விழுந்தது. அதிலிருந்து வந்த நூலையும் கடைக்காரர்கள் தண்ணீரின் பெயராலேயே அழைத்தார்கள். அவரோடு சேர்ந்து டேவிட் டேல் என்பவர் 1786-இல் ஸ்காட்லாந்தில் க்ளைட் ஆற்று அருவிக்கு அருகில் நியூ லானார்க் ஆலைக் கிராமத்தைத் தொடங்கினார். நம் ஹார்விகளின் தாய்நாட்டிலேயே, அவர்களுக்கு நூறு ஆண்டு முந்திய பாபநாசம் அது.

நியூ லானார்க்கை நான் இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீருக்குப் பசி கிடையாது, உறக்கம் கிடையாது, ஆடி அமாவாசை கிடையாது. அது ராப்பகலாக ஓடும். அதன் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினால் அவனும் அப்படியே ஓடவேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றிவிடுகிறது. டேல் காலத்தில் நியூ லானார்க்கில் அநாதைக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் வேலை செய்தார்கள். 1800-இல் நிர்வாகத்துக்கு வந்த டேலின் மருமகன் ராபர்ட் ஓவன்தான், பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஆலைக்குள் வரக்கூடாது என்றார். வேலை நேரத்தைக் குறைத்தார். 1816-இல் பள்ளிக்கூடம் திறந்து, நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்குக்கூட ஆட்டமும் பாட்டமும் சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்தும் ஆலையில் லாபம் வந்தது என்பதுதான் மற்ற முதலாளிகளுக்கு அவர்மீது வந்த கோபத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் ஓவன் வரவில்லை. ஹார்விகளின் தொழில் தூத்துக்குடியிலும் மதுரையிலும் பரவியது. தூத்துக்குடிக் கோரல் மில்லில் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும், வார ஓய்வு நாளும், வேலை நேரக் குறைப்பும் கேட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் ஆலை இறங்கிவந்தது. அடுத்த வாரமே இருவரும் கைதானார்கள். திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் தானாகச் சிவந்த நாள் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு சிறைவாசம் இருக்கிறது.

சாயங்காலம் கடையநல்லூர் திரும்பியதும் வாத்தியார் என்னை ஒரு நெசவுக்காரப் பெரியவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். கடையநல்லூர் பழைய நெசவூர். ஒரு காலத்தில் தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே நடந்து வருமாம். கைத்தறி நொடித்த காலங்களில் இவ்வூர் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் கடல் தாண்டின. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய், தஞ்சோங் பாகார் வட்டாரத்தில் ஒரு குட்டிக் கடையநல்லூரையே உண்டாக்கின. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் ஏற்பட்டது என்றால், அதற்குள் எத்தனை பேர் போயிருக்கவேண்டும் பாருங்கள்!

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. குழித்தறி இருந்த குழியை மூடி அதன்மேல் கட்டில் போட்டிருந்தார். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் பாபநாசம் போய்வந்த கதையைச் சொன்னதும் அவர் உள்ளே போய் ஒரு சிட்டம் நூலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நூலை நம்பர் போட்டுத்தான் வாங்குவோம் தம்பி. இருபதாம் நம்பருன்னா ஒரு ராத்தலுக்கு இருபது சிட்டம். ஒரு சிட்டம் எண்ணூத்தி நாப்பது கெஜம். மதுரை நூலோ பாபநாச நூலோ, எந்த நூலானா என்ன? அறுந்து போகாம பாவு ஓடணும், அம்புட்டுத்தான். எங்க வாப்பா சொல்லுவாங்க, கைநூலு பாவுக்கு நிக்காது, மில்லு நூலு கம்பியாட்டம் நிக்கும்னு."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, தண்ணி சும்மாத்தான வருது? கரி வாங்க வேண்டாம், விறகு வாங்க வேண்டாம். பின்ன நூலு மட்டும் ஏன் அந்த வெலை வித்தான்?"

வாத்தியார் கணக்குச் சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. சும்மா வருகிற தண்ணீர் யார் கதவுக்குள் நுழைந்து வெளியே வருகிறதோ, அவருக்கு மட்டும்தான் அது சும்மா.

ஆனால் பெரியவரின் பேச்சில் என்னைத் தைத்தது அந்தக் கேள்வி அல்ல. 'கைநூல் பாவுக்கு நிற்காது' என்றாரே, அதுதான். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ராட்டை கிடக்கிறது. காந்தி காலத்து ராட்டை என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லுவேன். பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு நாள் என்னைத் திருத்தினாள். "காந்தி என்னத்துக்குடா? இது எங்க ஆச்சி நூத்த ராட்டை. அவ நூத்து வித்துத்தான் எங்கம்மைக்குக் கல்யாணம் பண்ணினா. பொறவு நூலு விக்கலை, பரண்ல ஏத்திட்டா" என்றாள். அப்போது அதைக் கிழவியின் பழங்கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அது சரித்திரம் என்பது இப்போது தெரிகிறது. ராட்டைக்கு ஒரே கதிர். ஒரு பெண் நாள் முழுவதும் சுற்றினாலும் ஒரு கதிர்தான் சுழலும். முதலில் சீமை ஆலை நூல் கப்பலில் வந்தது. பிறகு நம் ஊர் ஆலை நூலும் அதோடு சேர்ந்துகொண்டது. நெசவாளிக்கு அது வரப்பிரசாதம். நூல் ஒரே சீராக இருந்தது, விலையும் மலிவு. அதைக்கொண்டுதான் கைத்தறி ஆலைத் துணிக்கு எதிரே இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் நூற்கிற பெண்ணுக்கு அது முடிவு. விதவைக்கும், வயல் வேலைக்குப் போகமுடியாத கிழவிக்கும், வீட்டுப்படி தாண்டாத பெண்ணுக்கும் கையில் இருந்த ஒரே காசு அந்த ராட்டையிலிருந்து வந்தது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, செய்ய முடியாது. ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியே உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பரணில் தனித்தனியே ராட்டையை ஏற்றிவிட்டார்கள். காந்தி அடிகள் அதை மறுபடியும் இறக்கச் சொன்னபோது பல வீடுகளில் நூற்கத் தெரிந்த கை இல்லை.

இதைச் சொல்வதால் நான் யந்திரத்துக்கு விரோதி என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். ஆலையால் விக்கிரமசிங்கபுரம் சிறிய கிராமமாக இருந்த நிலை மாறி நகரமாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கண்ணால் கண்டன, பிள்ளைகள் படித்தார்கள். உலக்கை பிடித்த கைகளின் வலியைப்பற்றி முன்னால் சொன்னேன். ராட்டை சுற்றிய கைகளின் வலியும் கவிதை அல்ல. நான் கேட்பது வேறு. அருவி தந்த லாபத்துக்குப் பக்கத்தில், அது வாங்கிக்கொண்டதையும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டாமா?

அருவி இரண்டாவது முறையும் கடையநல்லூருக்கு வந்தது. இந்தத் தடவை கம்பி வழியாக வந்தது. நீலகிரியில் பைக்காரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும் மின்சாரம் தந்தன. பைக்காராக் கம்பி வந்த பிறகு கோயம்புத்தூரில் ஆலைகள் காளான் முளைப்பதுபோல முளைத்தன. யுத்தத்தின் நடுவில், 1944-இல், பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஏழாயிரம் கிலோவாட் யந்திரங்கள் நான்கு. மேலே காரையாற்றில் 143 அடிக்குத் தண்ணீர் நிற்கிற அணை. அன்றிலிருந்து, அருவியைத் தேடி ஆலை மலையடிவாரத்துக்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை; அருவியே கம்பியில் ஏறி ஆலை இருக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கம்பி, பிறகு அனல் மின்சாரமும் காற்று மின்சாரமும் கலந்து, சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிகளுக்கும் வந்தது. முதல் முறை அருவி நூலாக வந்து, ராட்டையைப் பரணில் ஏற்றித் தறியை வாழவைத்தது. இரண்டாம் முறை மின்சாரமாக வந்து, கைத்தறியையே குழியில் போட்டு மூடியது. பெரியவரின் கட்டிலுக்கு அடியில் இருப்பது அந்தக் குழிதான்.

வயலின் கதையையும் விட்டுவிடக் கூடாது. மில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் ஆற்றுக்குத் திரும்பியது என்று சொன்னேன். அணை வந்த பிறகும் தண்ணீர் குறையவில்லை. ஆனால் அது வருகிற நேரம் மனிதன் கைக்குப் போயிற்று. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழங்காலத்தவை, கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. அவற்றை நம்பி ஏறத்தாழ 86,000 ஏக்கர். காரும் பிசானமுமாக அந்த வயல்களுக்குத் தண்ணீர் தேவைப்படுகிற நாள் வேறு. ஊர் விளக்குகளுக்கு அது தேவைப்படுகிற நேரம் வேறு. நெல்லுக்கு மாதக் கணக்கு. விளக்குக்குச் சாயங்காலக் கணக்கு. அணையில் சேர்த்துவைத்த தண்ணீர் கோடையில் வயலைக் காப்பாற்றியதும் உண்டு. ஆனால் மதகுச் சாவி எப்போது திரும்பும் என்று விவசாயி மலையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட காலம் போய், அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற காலம் வந்தது. உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்ற வாத்தியாரின் கணக்கில், நேரம் என்ற ஒன்று விட்டுப்போயிருந்தது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் இதை அவரே ஒப்புக்கொண்டார். வாத்தியார்கள் ஒப்புக்கொள்வது அபூர்வமாகையால் இங்கே பதிவு செய்கிறேன்.

நியூ லானார்க் ஆலை 1968-இல் நின்றுபோயிற்று. கட்டடங்கள் இடிந்துவிழ இருந்த நிலையில், ஊரார் அவற்றைக் காப்பாற்றினார்கள். 2001-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆர்க்ரைட்டின் கிராம்ஃபோர்டும் அதே ஆண்டில் ஆயிற்று. அங்கே ஆலையை மட்டும் காட்டவில்லை. தொழிலாளி படுத்த அறையையும், குழந்தைகள் படித்த பள்ளியையும், அவர்கள் சாமான் வாங்கிய கடையையும் காட்டுகிறார்கள்.

நாம் கோவிலைக் காப்போம். சில சமயம் அரண்மனையையும் காப்போம். ஆலையைக் காக்கவேண்டும் என்ற நினைப்பு நமக்கு எளிதில் வருவதில்லை. பாபநாச ஆலையின் பெயர்கள் காலத்துக்கு ஏற்ப மாறின. மதுரை மில்ஸோடு சேர்ந்தது; 1974-இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஜனங்கள் வாயில் அது 'ஹார்வி மில்'தான். அந்த வாய்க்காலுக்கும் அந்தச் சுழலிக்கும் பக்கத்தில் என்றைக்காவது ஒரு கல் நடுவார்களானால், அதில் ஹார்விகளின் பெயர் இருக்கட்டும். அவர்கள் கண்டுகொண்டது பெரிய விஷயந்தான். அதற்குக் கீழே பொதிவண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு வரி, கதிருக்குக் கதிர் ஓடி அறுந்த இழையை முடிந்தவர்களுக்கு ஒரு வரி, பரணில் ராட்டையை ஏற்றியவர்களுக்கு ஒரு வரி வேண்டும். கல்லில் இடம் போதவில்லை என்றால், முதலாளிகளின் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் பொறித்தால் போதும்.

விடைபெறும்போது பெரியவர் நான் உடுத்தியிருந்த வேட்டியின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்துத் தடவிப் பார்த்தார். "அப்போ இதுல பாதி ஆத்துத் தண்ணின்னு சொல்லும்" என்றார்.

"முக்கால் பங்கு" என்றார் வாத்தியார், உடனே கணக்குப் போட்டு. எதை எதால் பெருக்கினார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ராட்டையை இறக்கித் தூசி தட்டினேன். சக்கரம் நன்றாகத்தான் இருக்கிறது. கதிர் மட்டும் துருவேறி வளைந்திருக்கிறது. நிமிர்த்திக் கொடுக்க ஒரு ஆசாரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.